ஏழேகாலுக்கு இடிபட்ட கதவு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், சத்தியமாக நலம், இரண்டு சாட்சிகள்கூட உண்டு. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம்தானே?

செவ்வாய்க்கிழமை நான் செத்துப்போனதாக யாராவது சொன்னால் நம்பாதே. மாடி வீட்டு ஹெட்மாஸ்டர், தெருமுனைத் தையல்காரர், நான், மூவரும் தனிக்கட்டைகள் என்பதால் ஆறு மாதமாக ஒரு ஏற்பாடு. காலை ஏழு மணிக்குள் ஹெட்மாஸ்டருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், அவரும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் பழக்கம் விடாமல், நோட்டில் டிக் போடுவார். கால் வராவிட்டால் மற்ற இருவரும் கிளம்பி வருவார்கள். திங்கட்கிழமை ஈசிஜி எடுக்கப் போனவன் போனை சைலன்ட்டில் போட்டு மறந்துவிட்டேன். ஈசிஜி விஷயத்தை உன்னிடம் சொல்லவில்லை, திட்டாதே. இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதைப் பாடாய்ப் படுத்துகிறீர்கள் என்றார் டாக்டர். அந்த நிம்மதியில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டேன், அலாரமும் கேட்கவில்லை.

ஏழேகாலுக்குக் கதவு இடிபடுகிறது. உடனே திறந்திருப்பேன், ஆனால் வெளியே தையல்காரர், ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்த மனுஷன் இப்படி டிக்கெட் வாங்கிட்டாரே, முப்பது வருஷ கண்டக்டர் வேலையில ஒருத்தர்கிட்டயும் சண்டை போட்டதில்லையே என்று அழுகிறார். பச்சைப் பொய்! யாருக்குத்தான் கேட்க ஆசை வராது, கட்டிலிலேயே உட்கார்ந்து கேட்டேன். சீட்டாட்டத்துல ஒருநாளும் ஏமாத்தினதில்ல என்றார் ஹெட்மாஸ்டர், அது அதைவிடப் பெரிய பொய். கடப்பாரை என்ற சொல் காதில் விழுந்ததும்தான் ஓடிப்போய்த் திறந்தேன். தையல்காரர் என் முதுகில் இரண்டு சாத்து சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டு விம்மினார். ஹெட்மாஸ்டர் நோட்டை விரித்து, சிவப்பு மையில் தாமதம் என்று எழுதினார்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மா போனதிலிருந்து எனக்குச் சாவு பயம். படுத்தால் எழுந்திருப்பேனா, ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும்வரை யாருக்கும் தெரியாமல் கிடப்பேனா என்று தினமும் நடுங்கியிருக்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது, பதினைந்து நிமிடம்தான்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் முதுகு வலியைத் தள்ளிப்போடாதே. குட்டியோடு நீங்கள் மூவரும் நூறாண்டு நல்லபடி இருங்கள். ஞாயிறு போனை மட்டும் மறக்காதே. மாத்திரை போட்டீங்களா, மூச்சு வாங்குதா என்று கேட்கவே பாதி நேரம் போய்விடுகிறது உனக்கு. நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது. நீ என்னோடு பேசு.

இப்படிக்கு,
ஆசை அப்பா