காயிலுக்குப் போன காற்று

12.9.1981
இன்றும் பதினெட்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டது.

ஒர்க்‌ஷாப் பின்புறம், நான் கட்டிய ஒற்றை ஆள் விமானத்தின் வாலை வேப்பமரத்தில் கட்டிவைத்து என்ஜினை ஓட்டினேன். மூடியைத் திறந்து இக்னிஷன் காயிலைத் தொட்டேன், விரல் பொரிந்துவிட்டது. என்ஜினை ஒட்டி, காற்றே போகாத மூலையில் இருக்கிறது. சூடானால் பிளக்குக்குப் பொறி வருவதில்லை. ஆறவிட்டால் ஒன்றும் தெரியாததுபோல் ஓடுகிறது, திருட்டுப் பயல்!

பூமாரி ஒரே பிடியாக இருக்கிறாள். "அரை மணி நேரம் தரையில நிக்காம ஓடட்டும். பொறவு ஏறுங்க." கையில் கடிகாரம் வேறு. பெண்டாட்டியா, பரீட்சை ஹால் சூப்பர்வைசரா?

13.9.1981
ஐப்பசி மழை வந்தால் குளம் நிறைந்துவிடும். அந்தக் காய்ந்த குளத்தை விட்டால் ஓடி எழும்ப எனக்கு வேறு இடம் ஏது? மூன்று வருட உழைப்பு. உட்கார முடியவில்லை.

20.9.1981
மண்ணெண்ணெய் டின் தகரத்தைச் சுருட்டிக் குழாய் செய்தேன். விமானத்தின் மூக்கில் டம்ளர் அளவு வாய், மறுமுனை நேராகக் காயில்மேல். முன்னால் சுற்றும் காத்தாடியின் காற்று அதன்மேல் அடித்துக்கொண்டே இருக்கும். காயிலும் புதிது. பூமாரியின் தம்பி காசிராஜன் தன் எலக்ட்ரிகல் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டினான்.

இருபத்தாறு நிமிடம் ஓடியது, பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது. காயில் வெறும் வெதுவெதுப்பு! பூமாரி, "இன்னும் நாலு நிமிஷம்" என்றாள்.

7.10.1981, ஆயுத பூஜை
லாரி, ஜீப்போடு இதற்கும் சந்தனம், குங்குமம். மூக்கில் பெரிய செவ்வந்தி மாலை.

"அத்தான், மாலையைக் கழத்திட்டு ஓட்டுவோம். காத்தாடி இழுத்துரும்" என்றான் காசிராஜன்.

"ஏலே, லாரிக்காரன் மாலையோடதான ஊரெல்லாம் போறான்? பூஜை போட்டதக் கழத்துவாங்களா?" என்றேன்.

காத்தாடி மாலையைச் சுக்குநூறாக்கியது. எல்லோரும் சிரித்தோம். பத்தொன்பதாவது நிமிடம் — நின்றது. காயில் தொட முடியாத சூடு. குழாய் இருக்கிறதே, பிறகு ஏன்?

வாயில் வந்ததைப் பேசிவிட்டேன். "பழைய சரக்கை என் தலையில கட்டிட்டியேலே. என்னைக் கொல்லவா பாக்கே?" அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

8.10.1981
பூமாரி என்னோடு பேசவில்லை.

9.10.1981
காயிலைக் கழற்றப் போனேன். பக்கத்தில் நின்ற பூமாரி குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒரு பிடி செவ்வந்தி இதழ்! வளைவில் அடைத்து, வாடிக் கிடந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"மேல இருக்கும்போது நின்னுருந்தா?"

மாலை போட்டது என் கை. கழற்ற வேண்டாம் என்றது என் வாய். காசிராஜனையா சொன்னேன்? சீ!

அவன் கடைக்குப் போய் இதழ்களை மேஜையில் வைத்தேன். "தப்பு என்னுதுலே." அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். "மொதல்ல உக்காருங்க அத்தான்" என்றான்.

11.10.1981
மாலை இல்லாமல் முப்பத்து நான்கு நிமிடம். நானாகத்தான் நிறுத்தினேன்.

"நாளைக்கே குளத்துக்கு இழுத்துருவோமா?" என்றான் காசிராஜன்.

"பொறுலே. குழாய் வாய்க்கு ஏதாவது வலை வைக்கணும். வைக்கோல், இறகு, எது வேணா உள்ள போவும்." நானா இப்படிச் சொன்னேன்? பூமாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

16.10.1981
மூன்று நாளாக மழை. குளத்தில் முழங்கால் தண்ணீர். இனி பறப்பது கோடையில்தான். வருத்தம்தான், ஆனால் அந்தப் பதற்றம் இல்லை.

காலையில் பூமாரி டீயைத் துணியில் வடிகட்டித் தந்தாள். கம்பி வடிகட்டி எங்கே என்று கேட்டேன்.

"ஒர்க்‌ஷாப்ல போயிப் பாருங்க" என்றாள்.

குழாயின் வாயில் வைத்து, கம்பி சுற்றி, இறுக்கிக் கட்டியிருந்தாள்.