குட்டி வாய் திறந்தது

அன்புள்ள அம்மாவுக்கு,

பல கோணங்களில் ஆராய்ந்து, இனி குதிரைகளிடம் தமிழிலேயே பேசுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். மற்றபடி நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தக் குதிரைப் பண்ணையில் பயிற்சிக்காக என் பொறுப்பில் ஒரு பெண்குட்டியை விட்டிருக்கிறார்கள். பாலை மறக்கடிக்கத் தாயிடமிருந்து பிரித்ததும் இரண்டு நாள் தீனியைத் தொடவில்லை. மருத்துவரே கையை விரித்துவிட்டார். நான் வாளியோடு பக்கத்தில் உட்கார்ந்து, நீ என்னிடம் சொல்வதைச் சொன்னேன்.

"யார் மேலடி கோவம்? அதைச் சோத்து மேல காட்டாத. ஒரே ஒரு வாய், என் தங்கம்ல?"

வாளியைக் காலி செய்துவிட்டது. என்னைவிடச் சமர்த்து.

உன் மற்ற வசனங்கள் மறந்துபோகின்றன. போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பு, கொஞ்சம் நீளமாகவே. குட்டிக்குத்தான்.

லாயத்தில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். வேறு யார் ஊட்டினாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்வதால், அடுத்த மாதம் ஊருக்கு வர எனக்குத் தந்திருந்த விடுப்பை மேலாளர் ரத்து செய்துவிட்டார்.

உன் மகள்