மூன்று விரலில் வாசித்த சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, லீட்ஸிலிருந்து பூபதி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நாமக்கல்லில் மழை உண்டா? நம் பட்டறையில் இப்போது எத்தனை லாரிக்குப் பாடி கட்டுகிறீர்கள்?

போனில் சொன்னால், "ஏஞ்சாமி, சாராயக்கடைல வாசிக்கறதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்?" என்று பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

பப்புகளில் வாசிக்கப் போய்வர, எங்கள் இசைக்குழுவில் உள்ள நான்கு பேரும் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினோம். போன சனிக்கிழமை, முதல் பயணமாயிற்றே என்று, பட்டறையில் நீங்கள் செய்வதுபோல், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். டிரம் வாசிக்கும் டேனியல், என் பை கிழிந்து பழம் உருண்டுவிட்டதென்று நினைத்து, நான்கையும் பொறுக்கித் துடைத்து என் கையில் கொடுத்தான். அவ்வளவு அக்கறையாகக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லி, பழங்களைப் பையில் போட்டுக்கொண்டேன். வழியில் வேன் மழையில் வழுக்கி, ஒரு கம்பத்தில் லேசாக இடித்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் இடது கைச் சுண்டுவிரலில் சிறு கட்டு.

கட்டைவிரல் கிதாரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அன்று மீதி மூன்று விரலால் கம்பியை அழுத்தித்தான் பேஸ் கிதார் வாசித்தேன். கடை நிறையக் கூட்டம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கூட வாசித்தவர்களுக்கும்கூட.

அம்மாவிடம் கொஞ்சம் கொள்ளுப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

லாரி ஓடும் சத்தத்திலேயே எந்த போல்ட் லூஸ் என்று சொல்பவர் நீங்கள். அன்று வாசித்ததைக் கவிநிலாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். தங்கைதானே, கேட்டால் போட்டுக் காட்டுவாள். இதுவரை நான் வாசித்து நீங்கள் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேளுங்கப்பா. எங்கெங்கே அந்த விரல் இல்லையென்று நீங்களாவது சொல்லுங்கள்.

பூபதி