இன்னாசிமுத்து சாமி சொன்ன அந்த ஒரு வார்த்தை

ஆத்தூர் வழி, திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எனக்கு மூட்டுவலி, அவருக்குச் சர்க்கரை என்று ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாகவே இருக்கிறோம். அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை பாண்டியராஜும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் செபம். போன வாரம் போனில் பேசியபோது, சாமியார்கள் கெட்ட வார்த்தை பேசுவார்களா அம்மா, ஊர் வாட்ஸப் குரூப்பில் என்னவோ சண்டை ஓடுகிறதே என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றி, பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன். அது எட்டுப் பல் முளைத்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கும் தெரியும். போனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சமையல் செய்கிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், அதில் சொல்லக்கூடிய சங்கதியா இது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். வேறொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் பங்கில் இருபத்திரண்டு வருஷம் இருந்த இன்னாசிமுத்து சாமியை உனக்கு நினைவிருக்கும், உனக்கு முதல் நன்மை அப்பம் கொடுத்தவர். அவரைப் புனிதராக்கவேண்டும் என்று வேலை தொடங்கியிருக்கிறது. அதற்கு முதலில் விசாரணை நடத்துவார்களாம். அவரோடு பழகியவர்களைக் கூப்பிட்டு, வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இதற்காக ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் வேறு யார், உன் ஞானத்தகப்பன் பாஸ்கல் மாமாதான். கேள்வித்தாள் முன்கூட்டியே அவர் கைக்கு வந்துவிட்டது. அதில் முப்பத்தேழாவது கேள்வி, இறை ஊழியர், அதாவது நம் சாமி, எப்போதாவது தகாத வார்த்தை பேசியதுண்டா என்பது. மாமா பூசை முடிந்ததும் எல்லாரையும் கோயில் வராந்தாவில் உட்காரவைத்து, மற்றக் கேள்விகளுக்கு அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்லலாம், முப்பத்தேழுக்கு மட்டும் எல்லாரும் இல்லை என்றே சொல்லவேண்டும், சாமியின் மானம் நம் வாயில்தான் இருக்கிறது என்றார். சாமியிடம் வசவு வாங்காத ஒரு ஆள் அந்த வராந்தாவில் இல்லை. வானத்துச் சம்மனசு போல முகம், வாயைத் திறந்தால் கழுதை, எருமை, அதற்கு மேலும் சில. எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். ஒரு நல்ல மனிதர் கெட்ட வார்த்தை பேசவில்லை என்று நிரூபிக்க, ஊரே வேதாகமத்தில் கை வைத்துப் பொய் சொல்லத் தயாரானது.

உன் அப்பா முதல் நாளே போனார். ஒரு ஈஸ்டர் அன்று குடித்துவிட்டுக் கோயிலுக்கு வந்தவரைச் சாமி பிரம்போடு பூக்காடு வரைக்கும் துரத்திக்கொண்டே திட்டியது ஆத்தூர் முழுக்கத் தெரியும். அந்த மனுஷன் போய், சாமி யாரையும் அதட்டிக்கூடப் பேசியதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்து, மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். பக்கத்து வீட்டு மாயம்மாள் அக்காவுக்கு மட்டும் வருத்தம். சாமி தன்னை மூதேவி என்று கூப்பிட்ட மறு மாசம்தான் தன் தோட்டத்துச் செவ்வந்தி அப்படிப் பூத்தது, அதைச் சொல்லக்கூடாதாமே என்று புலம்பினார். ஆனாலும் கமிட்டி சொன்னபடி இல்லை என்றே சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் என் முறை. இப்போதிருக்கிற பங்குச் சாமி வீட்டு முன்னறையில் விசாரிக்க வந்த வயதான சாமியார் ஒருவர், லேப்டாப்பில் தட்டச்சு செய்ய ஒரு இளம் சாமியார், கூட ஒரு சிஸ்டர். இல்லை என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் நானும் போனேன். கமிட்டிக்குப் பயந்து அல்ல, பாஸ்கல் மாமாவுக்காக. ஆனால் வேதாகமத்தில் கை வைத்ததும் எனக்கு உன்னைச் சுமந்த வயிறுதான் நினைவுக்கு வந்தது. முப்பத்தாறாவது கேள்வி வரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். அடுத்ததைக் கேட்டதும் உண்டு என்று சொல்லிவிட்டேன். தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

அப்போது நான் ஆள் பெயர் சொல்லாமல் சொன்னதை உனக்குப் பெயரோடு சொல்கிறேன், நீயும் தெரிந்துகொள்ளவேண்டிய வயதுதான். நீ வயிற்றில் எட்டாம் மாசம். அப்பா தக்காளி லோடோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். காலை பத்து மணிக்கு எனக்கு இரத்தம் கண்டுவிட்டது, நிற்கவே இல்லை. மாயம்மாள் அக்கா என்னைக் கைத்தாங்கலாகப் பாஸ்கல் மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனார். அப்போது ஊரில் கார் என்றால் அவருடைய புது அம்பாசிடர் மட்டும்தான். அன்றைக்குப் பார்த்து அவர் தங்கச்சி கல்யாணம், காருக்குப் பூ அலங்காரம் முடிந்து, சீட்டுக்கு வெள்ளை உறை மாட்டி வாசலில் நின்றது. மாமா என் சேலையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பொண்ணு ஏறுற வண்டி, இரத்தக் கறை ஆகாது, செத்த நேரத்தில் பஸ் வந்துரும் என்றார். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாயம்மாள் அக்கா ஓடிப்போய்ச் சொல்லி, சாமி அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் செபமும் சொல்லவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்த நூறு பேர் முன்னால் பாஸ்கல் மாமாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை அவரைப் பெற்றவளிடம் தொடங்கி வேறெங்கோ போய் முடிந்தது. பந்தலில் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாமா கார்க் கதவைத் திறந்தார். சின்னாளபட்டி வழியாகத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு அவரே ஓட்டினார். வழி நெடுக அவர் கண்ணில் தண்ணீர். இன்னும் அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். தன் காரில் கொண்டுபோனதால்தான் நீ பிறந்தாய் என்று மாமா திருவிழாவுக்குத் திருவிழா சொல்வார், அதனால்தான் உனக்கு ஞானத்தகப்பனும் ஆனார். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒரு வார்த்தைதான் குறைவு. நானும் திருத்தியதில்லை.

வயதான சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த வார்த்தை என்ன, பதிவு செய்யவேண்டும் என்றார். நான் அங்கன்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாய் இது, சொல்லவராது என்றேன். தாளைக் கொடுத்தார்கள், எழுதிக் கொடுத்தேன். இளம் சாமியார் நாகர்கோவில் பக்கத்துக்காரர், அவருக்குப் பின்பாதி விளங்கவில்லை. அதுவரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டருக்கு நம் திண்டுக்கல் பக்கத்து எரியோடுதான் சொந்த ஊராம். அவர்தான் மெல்லிய குரலில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், அதை விளக்கிச் சொன்னார். ரோமாபுரிக்குப் போகிற கட்டு என்பதால் இதை இத்தாலிய மொழியில் எப்படி எழுதுவது என்று மூவரும் வெகு நேரம் யோசித்தார்கள். கடைசியில் தமிழிலேயே இருக்கட்டும், கீழே குறிப்புப் போடலாம் என்று முடிவானது. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டதற்கு, அதை அவரே வந்து சொன்னால்தான் நல்லது என்று எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க நான் ஒரு புனிதரைக் கெடுத்தவள் ஆகிவிட்டேன். நீ பார்த்த வாட்ஸப் சண்டை அதுதான். அப்பா என்னோடு பேசவில்லை. இரவு சாப்பாடும் வேண்டாம் என்றார், கோழிக் குழம்பு என்று தெரிந்ததும் கோபத்தோடேயே மூன்று தோசை சாப்பிட்டார். பாஸ்கல் மாமா இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. எம் பேரை ஏன்மா சொல்லல என்று கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவரு திட்டுனது ஒரு நிமிசம்மா. அது எல்லாருக்கும் தெரியும். மறு ஞாயித்துக்கெழம எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, பாஸ்கலு, தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருன்னாரு. அரை மணி நேரம் நின்னாரு. நான் கதவத் தொறக்கல. அது யாருக்கும் தெரியாது.” உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். “கதவுக்குப் பின்னாடிதாம்மா நின்னேன். அவரு போறவரைக்கும் நானும் நின்னேன்” என்றார். அதன்பிறகு சாமி சாகும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லையாம். அந்த மனுஷர் இத்தனை திருவிழாவில் இத்தனை சத்தமாகப் பேசியது எதை மறைக்க என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமா எழுந்து நேரே பங்குச் சாமி வீட்டுக்குப் போனார். அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று சொல்லி, வாசலில் நின்றதையும் சேர்த்து எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வயதான சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம், சிஸ்டர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் எல்லாரும் மறுநாள் வரிசையில் நின்றார்கள், தங்களையும் சாமி திட்டியிருக்கிறார், திருத்தி எழுதவேண்டும் என்று. பாஸ்கலுக்கு மட்டும் அவ்வளவு பெரிய வசவா என்று சிலருக்குப் பொறாமை. மாயம்மாள் அக்கா மூதேவியைப் பதிவு செய்துவிட்டுத்தான் காலைக் கஞ்சியே குடித்தார். உன் அப்பா பூக்காடு வரை ஓடியதை அதையும் தாண்டி ஓடியதாக நீட்டிச் சொல்லியிருக்கிறார். விசாரணை இரண்டு நாள் கூடுதலாக நடந்தது. வயதான சாமியார் போகும்போது, இவர் புனிதர் ஆவாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இந்த ஊர்க்காரர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க மட்டும் நான்கு குருக்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை உனக்கு எழுதச் சொன்னது பாஸ்கல் மாமாதான். நேரில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. நீ இனி மாமா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ என்று பயப்படுகிறார். என்ன வார்த்தை என்று போனில் என்னிடம் கேட்காதே, சொல்லமாட்டேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர், பேரனுக்கு முத்தம், காலையில் தலைக்கு ஊற்றாதே, காதை மூடி வெளியே கூட்டிப்போ. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். வருகிற வியாழக்கிழமை மாமாவுக்குப் பிறந்தநாள், மறக்காமல் அவருக்குப் போன் பண்ணு. நல்ல வார்த்தை சொல்வாயோ சாமி சொன்ன மாதிரி ஏதும் சொல்வாயோ, அது உன் இஷ்டம், உனக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் எடுக்கும்வரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆனந்தி சேவியர்