முரளியின் இரண்டு நகல்கள்

என் அருமை முரளிக்கு,

"அருமை" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். நீ உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பேனா? நாம் மட்டும் இருந்தால் "டேய்", அத்தை முன்னால் "என்னங்க". உன் அம்மாவைக் கண்டதும் என் நாக்குக்கு வந்துவிடும் மரியாதையை வைத்து எத்தனை கேலி செய்திருப்பாய். இப்போது எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. மித்ரா ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். முன்பற்கள் விழுந்துவிட்டன. அதே பொம்மனஹள்ளி ஃபிளாட்தான். ஞாயிறானால் ஆஸ்டின் டவுனுக்குப் போய் அத்தையோடு இருந்துவிட்டு வருகிறோம். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நீ நடத்திய புரோகிராமிங் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இன்ஹெரிட்டன்ஸ் என்னும் வாரிசுப் பாடத்துக்கு உன் பழைய கிண்டலையே சொல்கிறேன். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் ஒரு கிளாஸ் இரண்டு பெற்றோரிடமிருந்து பிறக்கலாம். ஜாவாவில் ஒரே ஒருவர்தான். மித்ரா பிறந்தபோது அவள் மூக்கைப் பார்த்துவிட்டு, "இவ ஜாவா. முழுக்க என் பக்கம்தான்" என்றாயே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு, முகம் கழுவப் போகிறேன்.

நகல் எடுக்கும் பாடத்தைத்தான் என்னால் நடத்த முடியவில்லை. சி ப்ளஸ் ப்ளஸில் ஒரு ஆப்ஜெக்ட்டை இன்னொன்றுக்குச் சமம் என்று எழுதினால் தனியாக ஒரு நகல் உண்டாகும். ஜாவாவிலும் பைத்தானிலும் நகல் உண்டாகாது. பொருள் ஒன்றுதான், அதற்கு இன்னொரு பெயர் கிடைக்கும், அவ்வளவே. ஒரு பெயரால் அதைத் தொட்டு மாற்றினால், மற்றப் பெயரால் பார்க்கிறவருக்கும் மாறித்தான் தெரியும்.

நாம் பேசத் தொடங்கியதே இதனால்தானே? அப்போது நான் சி ப்ளஸ் ப்ளஸ் பழக்கத்தோடு பைத்தானுக்கு வந்திருந்தேன். சாப்பாட்டு ஆர்டர் எடுக்கும் செயலியில், ஆளுக்கொரு நகல் உண்டாகிறது என்று நம்பி எழுதிவிட்டேன். உள்ளே எல்லாருக்கும் ஒரே ஆர்டர். யாரோ ஒருவர் "வெங்காயம் வேண்டாம்" என்று போட, அன்றைக்கு மதியம் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வெங்காயம் இல்லாமல் போய்விட்டது. அழாத குறையாக உட்கார்ந்திருந்தவளிடம் நீ வந்து, "ஏம்மா, பாதி பெங்களூரை ஜெயின் ஆக்கிட்டியே" என்றாய். அப்போதே உன்னைப் பிடித்துப்போயிற்று எனக்கு.

நீ இருந்தவரை அத்தைக்கும் எனக்கும் நீ ஒருவன்தான். அவங்க வற்புறுத்திப் போட்ட வடையால் என் வீட்டு ராத்திரிச் சாப்பாடு மீந்தது. நான் போட்ட சண்டையால் அங்கே உன் முகம் வாடியது. அந்தக் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நீ நிமிரவேயில்லை. அதன் பிறகு அத்தையிடம் ஒரு முரளி, என்னிடம் ஒரு முரளி. அவங்க முரளி கறியைக் கண்டாலே ஓடுவான், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான். என் முரளி பிரியாணிக்கு உயிரைக் கொடுப்பான், டிவியில் கிரிக்கெட் தோற்றால் ரிமோட்டை எறிவான். என்னிடம் இருப்பதும் மாறுகிறது முரளி, அதுதான் பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் என் நினைவில் நீ ரிமோட்டை எறிவதுகூட அழகாக இருக்கிறது. அப்போது அப்படி இருந்ததா?

மித்ராவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. நாங்கள் கொடுப்பதுதான் அவளுக்கு அப்பா. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டேவிட்டாள்.

"அம்மா, நீ சொல்ற அப்பா வேற, பாட்டி சொல்ற அப்பா வேற. இதுல என் அப்பா யாரு?"

அத்தை முந்திக்கொண்டாங்க. "நான் சொல்றவன்தாண்டி. என் புள்ள கறியத் தொடவே மாட்டான்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "தொட்டாரு அத்தை. வாரா வாரம் தொட்டாரு. உங்களுக்குத்தான் தெரியாது."

அத்தை தட்டை நகர்த்தி வைத்தாங்க. எழுந்து போய்விடுவாங்க என்றுதான் நினைத்தேன்.

"தெரியாதா? அவன் காலேஜ் படிக்கறப்பவே தெரியும். சட்டைய யாரு தொவைச்சா? பிரியாணி வாசனை எனக்குத் தெரியாதா? அவன் சொல்லல, நானும் கேக்கல. சும்மனே இருந்துட்டேன்."

ஜாவாவில் பிரைவேட் என்று போட்டால் வெளியாள் தொடவே விடாது. பைத்தானில் பெயருக்கு முன்னால் ஒரு கோடு போட்டிருப்போம், அவ்வளவுதான். தொட நினைத்தால் தொடலாம், மரியாதைக்குத்தான் யாரும் தொடுவதில்லை. அத்தை இத்தனை வருடம் அந்தக் கோட்டை மதித்திருக்காங்க.

"எந்தக் கடையில சாப்பிடுவான்?" என்று கேட்டாங்க. சொன்னேன். "ரொம்பக் காரமா?" என்றாங்க. அதற்கும் சொன்னேன். பிறகு அவங்களாகவே தொடங்கினாங்க. "தெனம் ஆபீஸ் விட்டு வந்ததும் உங்க ஃபிளாட்டுக்குக் கீழ பார்க்கிங்ல வண்டிய நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுவான். பேசிட்டுதான் மேல போவான். 'இன்னிக்கு அவ என்ன மூட்ல இருக்காளோ, போய்ப் பாக்கறேன்மா'ன்னு சிரிச்சுட்டு போனை வெப்பான்."

எனக்கு இது தெரியாது முரளி. சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்றுதானே என்னிடம் சொல்வாய்? என்னிடம் மறைக்க வேண்டிய அளவுக்கு இதில் என்ன இருந்தது? சிரித்தபடி கேட்டு உன் காதைத் திருக வேண்டும் போல இருக்கிறது. நீ இல்லையே. உன்னைப் பற்றி ஒன்று புதிதாகத் தெரியவந்தால் இன்னொரு முறை நீ செத்துப்போகிறாய். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாங்க. தட்டு முன்னால் உட்கார்ந்தபடியே இரண்டு பேரும் அழுதோம்.

அப்போதுதான் மித்ரா, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அப்பா என்னைத் தூக்கிட்டு லிஃப்ட்ல மேல இருக்கற பட்டனை அமுக்க வெப்பாரு. கடைசி மாடிக்குப் போயிட்டுத் திரும்ப நம்ம வீட்டுக்கு வருவோம். அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு."

அத்தை என்னைப் பார்த்தாங்க. நான் அத்தையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரிடமும் அந்த முரளி இல்லை.

அத்தையும் நானும் இனி உன்னைப் பற்றி எதிரெதிரே உட்கார்ந்துதான் பேசுவோம். ஒருத்தி தப்பாகச் சொன்னால் இன்னொருத்தி மறிப்பாள். ஆனால் மித்ரா சொல்லும் அப்பாவை நாங்கள் திருத்தமாட்டோம். நாளைக்கு அவள் அந்த லிஃப்ட் வானம் வரைக்கும் போனது என்று சொன்னாலும் ஆமாம் என்போம். இது சத்தியம்.

உன் மனைவி,
உன் அம்மா வீட்டில் இன்னும் மருமகளாகவே இருக்கும்
கவிதா