ஓ தாவ் சுடும் பெண்

கிளென் வேவர்லி,
16.5.1976

அன்பு மகன் தேவராஜாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். புக்கெட்டில் உன் சுகத்தை நல்லூரான் பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளீயச் சுரங்கத்துக்கு எஞ்சினியராகப் போன நீ எழுதிய ஐந்து பக்கத்தில் சுரங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹொக்கியன் சீனர் தெருவோரத்தில் சுடும் ஓ தாவ் பற்றியே முழுவதும்: சின்னச் சிப்பி, சேமன்கிழங்கு, மாக்கரைசல், முட்டை, மேலே பொரித்த பன்றித்தோல். கடைசியில் ஒரு வரி, அதைச் சுடும் பெண் நன்றாகச் சிரிப்பாள் என்று. நான் சமையற்குறிப்பு என்று நினைத்து மடித்து வைத்தேன். அம்மா வாங்கி வாசித்துவிட்டு, "அவளுக்கு என்ன வயசாம்?" என்றாள்.

அன்றே குசினியில் ஆராய்ச்சி தொடங்கியது. சேமன்கிழங்கு அகப்படாததால் உருளைக்கிழங்கு, பச்சைச் சிப்பிக்குத் தகர ரின்னில் அடைத்த சிப்பி, பன்றித்தோலுக்குப் பப்படம். வெள்ளிக்கிழமை அது தட்டுக்கு வந்த நேரம் பார்த்து, கல்யாணம் பேசும் மகேந்திரராஜா உனக்கென்று நார்த்மீட்டில் இருக்கும் டாக்குத்தர் ஒருவரின் மகளுடைய சாதகத்துடன் வந்தார். வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடாதவர். மற்ற ஆறு நாளும் அதை ஈடுசெய்பவர். காளான் என்று தானே முடிவு செய்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார். அம்மா சிப்பி என்று சொன்னதும் சற்று யோசித்து, சிப்பிக்கு இரத்தம் ஓடாது, ஆகையால் அது மரக்கறிப் பக்கம்தான் என்று தீர்ப்பளித்து மூன்றாவது தட்டை எடுத்தார். முட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூன்றாவதையும் முடித்தபின் இது எந்த ஊர்ச் சாப்பாடு, யார் செய்வது என்று விசாரித்தார். சொன்னேன், அவள் சிரிப்பைப் பற்றிய உன் கடைசி வரியையும் சேர்த்து. தெருவில் அடுப்பு வைத்திருக்கும் சீனத்தியா, எங்கள் குலம் என்ன ஆவது என்று வாயைத் துடைத்தபடி கவலைப்பட்டார். அம்மா சாதகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "எங்கட மகனுக்கு இடம் சரிவந்திட்டுது அண்ணை, நீங்கள் கரைச்சல்படாதேங்கோ" என்றாள். மனிதர் கழற்றி மாட்டிய கோட்டையும் மறந்துவிட்டுப் போனார்.

இப்போது மெல்பேர்ண் தமிழ்க் குடும்பம் முப்பதுக்கும் செய்தி போய்விட்டது. யோகராணி அன்ரி தொலைபேசியில் வாழ்த்தே சொல்லிவிட்டார். நான் உன் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். அந்தப் பெண்ணிடம் நீ எதையாவது கேட்டதாக ஓரிடத்திலும் இல்லை. சிப்பியின் நீளத்தை விரற்கடையில் எழுதியவனுக்கு அவளின் பெயரை எழுதத் தோன்றவில்லை. நன்றாகச் சாப்பிடும் ஒரு கறுவல் என்பதற்கு மேல் அவளுக்கு உன்னைத் தெரியுமோ என்னவோ.

மழையில் நனையாதே. எங்கள் ஆசி உனக்கு உண்டு, சம்மதித்தால் அவளுக்கும் உண்டு. இது கையில் கிடைத்த அன்றே அவளிடம் கேள். மாட்டேன் என்றாளானால் அம்மாவுக்கு நீயே எழுது. கூறைச் சேலைக்கு அம்மா நிறம் தெரிவுசெய்துவிட்டாள், இனி அவளிடம் அதை நான் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
விக்னராஜா