தேர்ந்தெடுக்காதவர்கள்

மார்ச் 3, செவ்வாய்
மருத்துவமனையின் இணையப் படிவங்கள் என் பொறுப்பு. 'மருந்து ஒவ்வாமை உண்டா?' என்ற மெனுவில் முதல் வரியைக் காலியாக வைத்திருந்தேன். உண்டு, இல்லை – ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் மேலே போக முடியும். மேலாளர் – எங்களுக்குள் அவர் பெயர் அவசரக்குடுக்கை – அதைத் தூக்கச் சொல்லிவிட்டார். "ஒரு கிளிக் மிச்சம்மா." இப்போது படிவம் திறக்கும்போதே 'இல்லை' என்று நிற்கிறது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 11
ஒரு தையல்காரர் அந்த மெனுவைக் கவனிக்காமலே அனுப்பியிருக்கிறார். செவிலியரும் அதை நம்பி ஊசி போட, முகம் வீங்கி, மூச்சு முட்டி – நல்லவேளை, பிழைத்துவிட்டார். கூட்டத்தில் அவசரக்குடுக்கை என்னைக் கைகாட்டினார்: "இந்தப் பொண்ணு பாத்த வேலை." எல்லார் முன்னாலும். தூக்கச் சொன்னதே நீங்கதான் என்று சொல்லியிருக்கணும்.

மார்ச் 12
கூட்டத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் இன்று குளியலறையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13
"விட்டுத் தள்ளு, வேற வேலை பாத்துக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். விடுவதா? அந்த ஆள் ஒருநாளாவது முழி பிதுங்கி நிற்கணும். நான் பார்க்கணும்.

மார்ச் 18
இடமாற்ற விருப்பப் படிவம் செய்யச் சொன்னார்கள். ஊழியர்கள் எல்லாரும் நிரப்ப வேண்டும், அவரும்தான். இதிலும் காலி வரி கூடாதாம். சரி சார் என்றேன். 'எந்தக் கிளை வேண்டும்?' என்ற மெனுவில் கடைசியில் இருந்த, யாரும் போக விரும்பாத மலைக்கிளையை முதல் வரியில் வைத்தேன்; தொடாமல் விட்டால் அதுதான் பதிவாகும். அவர் எந்த மெனுவையும் திறந்து பார்க்கிற ஆளில்லை.

மார்ச் 26
ஆணை வந்துவிட்டது. அவருக்கு மலைக்கிளை. என் மேசைக்கே வந்தார், முகத்தில் ஈயாடவில்லை.
"நான் அதைத் தேர்ந்தெடுக்கவே இல்லையே."
"நீங்க எதையுமே தேர்ந்தெடுக்கலை சார்."
சொல்லும்போது நாக்கு இனித்தது.

மார்ச் 27
மருந்தகத்து அக்காவுக்கும் மலைக்கிளை. கைக்குழந்தைக்காரி. இருக்கிற இடமே போதும் என்று மெனுவைத் தொடாமல் விட்டாளாம். "எங்கயோ தப்பு நடந்திருக்கு, நீ பாத்துச் சொல்லேன்" என்றாள். என்மேல் சந்தேகமே இல்லை அவளுக்கு. பார்த்தேன். கேட்டு வாங்கினவர் யார், தொடாமல் விட்டவர் யார் – பிரிக்க வழியே இல்லை. அவளை மீட்டால் அவரையும் மீட்கணும்.

சே.

மார்ச் 30
இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வரிசையை மாற்றியதையும் சேர்த்து. மலைக்கிளை ஆணைகள் அத்தனையும் ரத்து. அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கைக் கடிதம். அவர் தன் அறையிலேயே இருக்கிறார். என் கோபமும் இருந்த இடத்திலேயே. எல்லாம் தெரிந்தும் மதியம் அக்கா வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.